வண்டி உள்ளே வரும்வரை

என் அண்ணனுக்கு மேடையில் கரண்ட் அடித்தபோது எனக்கு இருபது வயது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்தேன். எதிரே தஞ்சாவூர் விளையாட்டு மைதானம் நிறைய ஜனம். அவனுக்கு என்ன ஆகிறதென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆடுகிறான் என்று நினைத்து விசில் அடித்தார்கள்.

இதை நான் இதுவரை எழுதியதில்லை. எழுத வேண்டுமென்று தோன்றியதும் இல்லை. போன மாதம் என் பேத்தி சென்னையில் ஒரு திறந்தவெளிப் பாட்டு நிகழ்ச்சிக்குப் போய்விட்டு வந்து போன் செய்தாள். வெளியே வரும்போது நெரிசலில் சிக்கி, கால் தரையில் படாமலே கொஞ்ச தூரம் நகர்ந்துவிட்டாளாம். ஒரு செருப்பு போய்விட்டதாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். "அப்புறம் பேசறேன்டா" என்று போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்குக் கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். லுத்தரன் குடும்பம். அப்பா குத்தகை நிலத்தில் நெல் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அண்ணனும் நானும் விவரம் தெரிவதற்கு முன்பே கோயில் பாட்டுக் குழுவில் நின்றவர்கள். அண்ணன் திருச்சிக்குக் கல்லூரிப் படிப்புக்குப் போனான். திரும்பி வந்தபோது பட்டத்தோடு ஒரு கிடாரும் வந்தது. அப்பா பட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கிடாரை வாங்கி மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தார். அம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

பிறகு அண்ணனுக்குத் தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. நானும் அங்கே விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தேன். அவனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேருமாக ஒரு குழு ஆரம்பித்தார்கள். ஒருவன் பேஸ் கிடார், ஒருவன் ஆர்கன். டிரம்ஸ் வாசித்தவர் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணனுக்கு உயிர் நண்பர். எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் எலக்ட்ரிக் கிடாரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. ரேடியோவிலும் இசைத்தட்டிலும் கேட்ட ஆங்கிலப் பாட்டுகளை வரி வரியாக எழுதிப் பழகினோம். பாடுவது நான். கல்லூரி விழா, கிறிஸ்துமஸ் விழா, யாராவது வசதியான வீட்டுக் கல்யாண வரவேற்பு என்று வாசித்துக்கொண்டிருந்தோம். அதிகம் போனால் ஒரு மண்டபம் நிறையும்.

அந்த வருஷம் கார்த்திகையில் ஒரு புயல் வேதாரண்யம் கரையை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. அங்கே இருந்த என் சின்னம்மா வீட்டில் ஒரு சுவர்தான் நின்றது. ஆடு மாடு ஒன்றும் மிச்சமில்லை. சின்னம்மா பிள்ளைகளோடு எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். தையில் அறுவடை முடிகிற சமயம், தஞ்சாவூரில் ஒரு விளையாட்டுச் சங்கத்தார் புயல் நிவாரணத்துக்காக மைதானத்தில் பெரிய நிகழ்ச்சி ஒன்று ஏற்பாடு செய்தார்கள். சென்னையிலிருந்து ஒரு ராக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நாங்கள் வாசிக்க வேண்டும்.

அம்மாவுக்கு நான் மைதானத்தில் ஏறிப் பாடுவதில் இஷ்டமில்லை.

"மண்டபத்துல பாடறது வேற. அங்க யாரு வருவான் யாரு போவான்னு என்ன தெரியும்?" என்றாள்.

அப்பா சின்னம்மா படுத்திருந்த மூலையைப் பார்த்தார். "இந்த மாதிரி வீடு போனவங்களுக்குத்தானே. பாடிட்டு வரட்டும்" என்றார்.

நிகழ்ச்சியன்று மத்தியானம் எதிர்பாராமல் மழை பிடித்தது. களத்தில் நெல்லைப் போட்டிருந்தவர்கள் எல்லாம் சபித்திருப்பார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூறல்தான். சவுக்குக் கம்பும் பலகையும் வைத்துக் கட்டிய மேடை. மேலே விரித்த ஜமுக்காளம் தண்ணீர் குடித்துக் கிடந்தது. மைதானத்தில் ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் படிக்கட்டு. மற்ற பக்கமெல்லாம் சுவர். கேட் இரண்டு. டிக்கெட் இல்லாமல் நுழைகிறார்கள் என்று மேடைக்குப் பக்கத்தில் இருந்த கேட்டைப் பூட்டி, சாவியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். எதிர்க் கோடியில் இருந்த கேட் ஒன்றுதான் திறந்திருந்தது.

வாசித்துப் பார்க்கும்போதே அண்ணன் மைக்கில் உதட்டை வைத்துவிட்டுச் சட்டென்று பின்னால் வந்தான்.

"சுருக்குங்குதுங்க" என்றான் மைக்செட்காரரிடம்.

"ஈரம்ல, தம்பி. கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். வாய ஒட்டாம பாடுங்க."

அண்ணன் தன் கைக்குட்டையை எடுத்து என் மைக்கைச் சுற்றிக் கட்டினான். "நீயும் ஒட்டாத, பாப்பா" என்றான். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவனுடைய கிடார் ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் இல்லை என்பதும், அந்தப் பெட்டியில் ஏறிய மின்சாரம் கிடார் கம்பி வரை வந்து காத்திருந்தது என்பதும் பிற்பாடு படித்தவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது.

சாயங்காலம் ஆக ஆகக் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. கும்பகோணம், மன்னார்குடிப் பக்கமிருந்து லாரியில் வந்தார்கள். முன்னால் நாற்காலிகள், அதற்குப் பின்னால் கயிறு கட்டிப் பெண்களுக்கு ஓரிடம், அப்புறம் தரையில் கண்ணுக்கெட்டின மட்டும் தலைகள். நான் அதற்கு முன் அத்தனை பேரை ஒன்றாகப் பார்த்ததில்லை. முதல் பாட்டுக்குச் சிரித்தார்கள். சினிமாப் பாட்டுப் பாடச் சொல்லிக் கத்தினார்கள். இரண்டாவதில் டிரம்ஸ் பிடித்துக்கொண்டது. மூன்றாவது பாட்டில் பின்னாலிருந்து ஒரு கைத்தட்டல் தாளத்தோடு கிளம்பி முன்னால் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

அந்தப் பாட்டிலேயேதான் என் மைக் ஸ்டாண்டின் திருகு தளர்ந்தது. மைக் மெல்லச் சாய்ந்து இறங்க, நான் குனிந்து பாடிக்கொண்டிருந்தேன். அண்ணன் பக்கத்தில் வந்தான். இடது கை கிடார் கம்பிகளின் மேலேயே இருக்க, வலது கையால் மைக்கைப் பிடித்துத் தூக்கினான். கைக்குட்டை தூறலில் நனைந்து போயிருந்தது.

அவன் கழுத்து பின்னால் வளைந்தது. ஒலிபெருக்கியில் ஒரு ரீங்காரம் எழுந்து பெரிதாகிக்கொண்டே போனது. அவன் இரண்டு காலும் பலகையில் படபடவென்று அடித்தன. கூட்டம் எழுந்து நின்று விசில் அடித்தது. ஒரு கணம் எனக்கும் விளையாடுகிறான் என்றுதான் தோன்றியது. பிறகு அவன் கண்களைப் பார்த்தேன். அவை என்னைப் பார்க்கவில்லை.

நான் கையை நீட்டினேன். "தொடாத" என்று பின்னால் ஒரு சத்தம். டிரம்ஸ் நண்பர் தன் வாத்தியங்களைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்து என் பின்னலைப் பிடித்து இழுத்தார். நான் மல்லாந்து விழுந்தேன். அவர் ஷூக் காலால் ஸ்டாண்டை உதைத்தார். மைக் அண்ணன் கையைவிட்டு வரவில்லை. உட்கார்ந்திருந்த மர ஸ்டூலைத் தூக்கி வந்து ஓங்கி அடித்தார். அப்போதுதான் கை விட்டது. அண்ணன் கிடாரோடு குப்புற விழுந்தான்.

"கரண்ட்ட நிறுத்துங்க, கரண்ட்ட நிறுத்துங்க" என்று கத்தினேன். அத்தனை நேரம் மைதானத்தின் கடைசி வரை கேட்ட என் குரல், மைக் இல்லாமல் முதல் வரிசையைக்கூடத் தாண்டவில்லை. நாற்காலியில் இருந்த ஒருவர் கையைக் காதில் குவித்து, என்னவென்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மைக்செட்காரர் ஓடிப் போய் மொத்தமாக நிறுத்திவிட்டார். விளக்குகளும் சேர்ந்து அணைந்தன. அந்தி வெளிச்சம்கூட மேகத்தில் போய்விட்டிருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. முன்னால் வர நினைத்தவர்களும் வெளியே போக நினைத்தவர்களும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பெண்கள் பக்கம் குழந்தைகள் வீறிட்டன. தடுப்புக் கம்புகள் முறிகிற சத்தம் கேட்டது.

அண்ணனை மேடைக்குப் பின்னால் இறக்கிக் கிடத்தினோம். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் நாற்காலி வரிசையிலிருந்து தாண்டிக் குதித்து வந்தார். அண்ணன் மார்பில் காதை வைத்தார். இரண்டு கையையும் சேர்த்து வைத்து அமுக்க ஆரம்பித்தார். டிரம்ஸ் நண்பரை வாயில் ஊதச் சொன்னார்.

"உயிர் இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டி எங்க?"

சங்கத்தாரின் வேன் ஒன்று இருந்தது. அது கேட்டுக்கு வெளியே, எதிர்க் கோடியில் நின்றது. பக்கத்துக் கேட்டின் பூட்டைக் கல்லால் இடித்தார்கள். பெரிய இரும்புப் பூட்டு. அசையவில்லை. பலகை ஒன்றை உருவி அண்ணனை அதில் கிடத்திக் கூட்டத்துக்குள் தூக்கிப் போகப் பார்த்தார்கள். பத்தடி கூடப் போக முடியவில்லை. தள்ளின தள்ளில் பலகை சாய்ந்தது. மாணவர் "வேணாம், அமுக்கறத நிறுத்தக்கூடாது, கீழ வைங்க" என்று கத்த, திரும்பக் கொண்டுவந்தார்கள்.

மைக்செட்காரர் அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கழற்றிவிட்டு விளக்கையும் ஒலிபெருக்கியையும் மட்டும் மறுபடி போட்டார். சங்கத்தின் செயலாளர் ஒரு வயதான மனிதர், மேடையேறி, "ஒரு சிறு விபத்து, பொதுமக்கள் அமைதியாக" என்று ஆரம்பித்தார். அவரை முடிக்க விடவில்லை. மண்ணை வாரி எறிந்தார்கள். ஒரு செருப்பு வந்து அவர் தோளில் விழுந்தது. அவர் இறங்கி நேரே என்னிடம் வந்தார். நான் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தேன். பாதம் சில்லென்று இருந்தது.

"ஏம்மா, எழுந்திரும்மா" என்றார். "நீ போய் ஒரு பாட்டுப் பாடணும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை.

"கூட்டம் உக்காந்தாத்தாம்மா வண்டி உள்ள வரும். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. உன் பாட்டுக்குத்தான் உக்காந்திருந்தாங்க. பிள்ளைங்கள்லாம் மிதிபடுதும்மா."

"எங்க அண்ணன் சாவறாங்க" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்றேன்."

டிரம்ஸ் நண்பர் ஊதுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினார். வாயோரம் ரத்தம். யாருடையது என்று தெரியவில்லை. "போ தங்கச்சி" என்றார். "இங்க நீ என்ன பண்ணப் போற? போ."

எப்படி ஏறினேன் என்று தெரியாது. மைக்செட்காரர் மேடையில் நின்றிருந்தார். அந்த மைக்கைத் தன் வெறுங்கையால் இறுக்கிப் பிடித்துக் காட்டி, "பாரும்மா, ஒண்ணுமில்ல, நான் புடிச்சிருக்கேன், நீ தொட வேணாம்" என்றார். நான் பாடி முடிக்கும் வரை அவர் கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு நொடியும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. ஜெபம் செய்யப் பார்த்தேன், ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கோயில் பாட்டுகள் அத்தனை தெரிந்த எனக்கு அதில் ஒன்றும் வரவில்லை. வந்தது, அடுத்ததாகப் பாட வேண்டியிருந்த ஆங்கிலப் பாட்டு. ஒரு பையன் ஒரு பெண்ணை ஆடக் கூப்பிடுகிற துள்ளல் பாட்டு. டிரம்ஸ் இல்லை, கிடார் இல்லை. ஆர்கன்காரன் ஓரத்தில் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருந்தான். நான் மட்டும் பாடினேன்.

முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் கூச்சல் இறங்கியது. யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். என் மூளைக்குள் ஒரு மூலை மட்டும் வேலை செய்தது என்று நினைக்கிறேன். இரண்டாவது சுற்றில் ஆங்கில வார்த்தைகளை விட்டுவிட்டு, அதே மெட்டில், "உக்காருங்க, உக்காருங்க, வண்டி வருது வழிவிடுங்க" என்று பாடினேன்.

கூட்டம் சிரித்தது. பிறகு அதைத் திருப்பிப் பாடியது. "வழிவிடுங்க" என்று நான் நிறுத்தினால் அத்தனை பேரும் "வழிவிடுங்க" என்றார்கள். அதைப் பாட்டின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள். உட்கார்ந்தார்கள். தூரத்தில், கேட் பக்கம், இரண்டு விளக்கு தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்தவர்கள் கை தட்டிக்கொண்டே விலகினார்கள். வண்டி ஊர்ந்து வந்தது. நடுவில் ஒரு முறை நின்றது. விளக்கு அசையவில்லை. அப்போதும் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்தினேன். மறுபடி நகர்ந்தது.

என் முதுகுக்குப் பின்னால் மாணவர் எண்ணிக்கொண்டிருந்தது கேட்டது. டிரம்ஸ் நண்பர் "டேய், டேய், வாடா" என்று அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பாட்டு நின்றுவிடும் என்று தெரியும். முன்னால் இத்தனை ஆயிரம் முகங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அவர்கள் மேல் எனக்கு அப்போது வந்த வெறுப்பை இன்றைக்கும் நினைத்தால் பயமாக இருக்கிறது. அவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை.

வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கவும் முடியாது, அது திரும்பிப் போக வேண்டும். அது போகும் வரையும் பாடினேன். பின் விளக்குகள் கேட்டைத் தாண்டின கணம், வரியின் பாதியில் நிறுத்தினேன். மைதானம் முழுக்கக் கை தட்டியது. இன்னொன்று, இன்னொன்று என்று கத்தினார்கள். நான் மேடைக்குப் பின்னால் இறங்கி வாந்தி எடுத்தேன்.

சைக்கிள் ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரிக்ஷாக்காரர் என் ஜிகினாப் புடவையைப் பார்த்துவிட்டு, "பாட்டுக் கச்சேரி நல்லா நடக்குதாமுங்களே" என்றார். வராந்தாவில் டிரம்ஸ் நண்பர் தரையில் உட்கார்ந்திருந்தார். "மூச்சு வந்திருச்சு, ஆனா கண்ணு முழிக்கல" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சென்னைக் குழு வாசிக்க ஆரம்பித்திருந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தா வரை அது கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எழுந்து போக இடமில்லை.

காலை முதல் பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நாங்கள் சொல்லி அனுப்புவதற்கு முன்பே செய்தி போய்விட்டிருந்தது. நிகழ்ச்சி பார்க்க லாரியில் வந்த எங்கள் ஊர்க்காரர்கள் திரும்பிப் போய், மகன் மேடையிலேயே விழுந்தான், மகள் நிறுத்தாமல் பாடினாள், கூட்டம் சிரித்துச் சிரித்துக் கேட்டது என்று சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அம்மா வார்டுக்குள் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். இரவு கட்டிய புடவையோடு நான் நின்றிருந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாடி முடிச்சிட்டியா?" என்றாள்.

அப்பா அவள் கையைப் பிடித்து அந்தப் பக்கம் அழைத்துப் போனார். சொல்ல என்ன இருந்தது, பாடினது உண்மைதானே.

சில நாள் கழித்து அண்ணன் கண் விழித்தான். நான்தான் பக்கத்தில் இருந்தேன். வெகுநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "மழை விட்டுடுச்சா?" என்றான். தூறலுக்குப் பிறகு நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை. இன்று வரை இல்லை. இடது கையில் விரல்கள் வெந்து, காயம் எலும்பு வரை போயிருந்தது. ஆறின பிறகு இரண்டு விரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கியே நின்றுவிட்டன. கிடாரில் சுரம் பிடிக்கிற விரல்கள் அவை.

அதற்குப் பின் வந்த மாதங்கள்தான் எனக்கு அந்தச் சாயங்காலத்தைவிடக் கஷ்டம். நான் கல்லூரியை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கோயிலில் பாட்டுக் குழுவில் நின்றால் பக்கத்தில் இருப்பவள் அரை அடி தள்ளி நிற்பாள். பொறையாரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுதானா அந்த மைதானத்துல பாடின பொண்ணு?" என்று கேட்டார். அம்மா தலை குனிந்தாள். அவர்கள் போன பிறகு அந்தக் காபி டம்ளரை அம்மா இரண்டு முறை கழுவினாள். என்னிடம் பேசவில்லை. தேவைக்கு மட்டும் பேசுவாள், அதுவும் சின்னம்மா மூலமாக. நான் பாட்டுக் குழுவுக்குப் போவதை நிறுத்தினேன். அப்பா ஆர்மோனியத்தில் உட்கார்ந்தபடி வாரா வாரம் என் இடத்தைப் பார்ப்பார் என்று சின்னம்மா சொல்வாள்.

அண்ணன் வேலைக்குப் போகவில்லை. நாள் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டான். ஒரு நாள் தட்டைக் கொண்டு போய் வைத்தேன். திரும்பாமலே பேசினான்.

"எதுக்கு என்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தீங்க? அங்கேயே விட்டிருக்கலாம்ல."

"அண்ணே."

"இந்தக் கைய வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண, சொல்லு."

அம்மாவின் பேச்சுக்கு ஒரு வகையில் நான் பழகியிருந்தேன். இதை என்னால் தாங்க முடியவில்லை. கொல்லைப் பக்கம் போய்க் கிணற்றடியில் நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். இவனுக்கும் வேண்டாத உயிருக்காகத்தான் அப்படிப் பாடினேனா என்று தோன்றியது. அப்படி நினைத்ததற்காக இன்னும் கொஞ்சம் அழுதேன். செத்துப் போய்விடலாம் என்ற எண்ணம் எனக்கும் வந்தது. சின்னம்மாவின் கடைக்குட்டி தண்ணீர் கேட்டு வந்து புடவையைப் பிடித்து இழுத்தான். இறைத்துக் கொடுத்தேன்.

மழைக்காலம் தொடங்கும் முன் டிரம்ஸ் நண்பர் ஒரு மூட்டைத் தேங்காயோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அவரும் வாசிப்பதை விட்டுவிட்டிருந்தார். அம்மா அவருக்குச் சாப்பாடு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, யாரும் கேட்காமல், அவர் அந்தச் சாயங்காலத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பூட்டின கேட், பலகையில் தூக்கினது, திரும்ப வந்தது, செயலாளர் வந்து கேட்டது, எல்லாம். அப்பா கேட்டுக்கொண்டு நின்றார். அண்ணன் படுத்தபடியே இந்தப் பக்கம் திரும்பினான்.

"போ தங்கச்சின்னு சொன்னது நான்தாம்மா" என்றார் அம்மாவிடம். "அது போகமாட்டேன்னுதான் காலப் புடிச்சிக்கிட்டு இருந்துச்சு. நான் வெரட்டினேன். அது பாடலைன்னா வண்டி வந்திருக்காது. டாக்டருக்குப் படிக்கிற தம்பியே சொன்னாரு, இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்னு."

அம்மா எழுந்து, "ரசம் கொண்டாறேன்" என்று உள்ளே போனாள். வர வெகுநேரம் ஆயிற்று.

அவர் வந்தது அண்ணனைக் கூட்டிப் போகத்தான். மண்டியில் ஆள் வேண்டும், வெளியூர் வியாபாரிகளிடம் பேசக் கூடியவன் வேண்டும் என்றார். அண்ணன் முடியாது என்றான். நண்பர் இரண்டு நாள் தங்கினார். மூன்றாம் நாள் அண்ணனின் துணிகளைத் தானே பையில் எடுத்து வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, எழுந்திருடா" என்றார். அண்ணன் எழுந்து போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை என்று பிறகு சொன்னான். முதல் வருஷம் அங்கேயும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தானாம். பிறகு மெல்ல வியாபாரம் பிடித்துக்கொண்டது. பட்டுக்கோட்டையிலேயே கல்யாணமும் ஆயிற்று.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று தோன்றும். நான் அந்த டிரம்ஸ் நண்பரைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு ஏற்கெனவே மாமன் மகள் பேசி வைத்திருந்தது. எனக்கு மாயவரத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் கிடைத்தார். பெண் பார்க்க வந்தபோது அவரும் அந்த மைதானத்தில் அன்றைக்கு இருந்ததாகச் சொன்னார். வழிவிடச் சொல்லித் தானும் பாடினாராம். வண்டிக்கு உள்ளே யார் போகிறார்கள் என்று தெரியாமல் பாடினேன், மன்னியுங்கள் என்றார். அவர் கேட்ட அந்த மன்னிப்பு எனக்கு வேண்டியதாக இருந்ததென்று அப்போதுதான் தெரிந்தது.

என் தலைப்பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில் ஒரு பெரியம்மா பழைய பேச்சை எடுத்தாள். அண்ணன் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தான். சத்தம் போடவில்லை. "பெரியம்மா, அவ பாடாம என் பக்கத்துல உக்காந்து அழுதிருந்தா, எல்லாரும் அவள நல்ல பொண்ணுன்னு சொல்லியிருப்பீங்க. நான் இங்க உக்காந்து பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருக்கமாட்டேன்" என்றான். பிறகு இலையில் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் என் காதுபட யாரும் பேசியதில்லை.

அம்மாவுக்கு இன்னும் பல வருஷம் ஆனது. அவள் கடைசியாக மாயவரத்தில் என் வீட்டில் வந்து இருந்தபோது, ஒரு மத்தியானம் அடுக்களையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தோம். நான் செதில் எடுக்க, அவள் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"நான் அங்க இருந்திருந்தா அவன் மேல விழுந்து பொரண்டுக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். வண்டின்னு ஒண்ணு வரணும்னே எனக்குத் தோணியிருக்காது."

நான் கத்தியை நிறுத்தினேன். அவள் சட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்கிட்ட நான் கேட்டது ரொம்பத் தப்புடி" என்றாள்.

நான் "சரிம்மா" என்றேன். சரியாகிவிட்டதா என்று கேட்டால், முழுக்க ஆகவில்லை. அவள் இறந்த பிறகும்கூடச் சில நேரம் அந்த வராந்தாவில் நிற்பது போல் இருக்கும். ஆனால் அன்று அவள் கை கழுவிவிட்டு, ஈரக் கையோடு என் தலையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். மீன் வாசனை அடித்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.